பிளின்ட் குடிநீர் நெருக்கடி

பிளின்ட் குடிநீர் நெருக்கடி என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பிளின்ட் நகரில் 2014 ஆம் ஆண்டு தொடங்கிய பொதுச் சுகாதாரப் பேரிடர் ஆகும். செலவைக் குறைப்பதற்காக நகரின் நீர் மூலம் மாற்றப்பட்டபோது குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. இதனால் பழைய குழாய்களில் இருந்த ஈயம் குடிநீரில் கலந்தது. அப்போது நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்ந்தனர்.

பின்னணி

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908 இல் பிளின்ட்டில் தொடங்கப்பட்டது. 1960 இல் ஏறத்தாழ 1,97,000 ஆக இருந்த மக்கள்தொகை, தொழிற்சாலைகள் மூடப்பட்டதாலும் வெள்ளையர் பலர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்ததாலும் 2014 அளவில் ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. வரி வருவாய் சுருங்கிய நிலையில், 2011 இல் மாநில ஆளுநர் நகர நிருவாகத்தை அவசரகால மேலாளர் ஒருவரிடம் ஒப்படைத்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் நகர மன்றமும் தம் அதிகாரத்தில் பெரும்பகுதியை இழந்தனர்.

நீர் மூல மாற்றம்

பிளின்ட் நகரம் பல பத்தாண்டுகளாக டிட்ராயிட் நகரிடமிருந்து ஹூரான் ஏரியின் சுத்திகரிக்கப்பட்ட நீரை வாங்கி வந்தது. புதிய குழாய்த் திட்டம் முடியும் வரை பிளின்ட் ஆற்று நீரைப் பயன்படுத்த முடிவு செய்யப்பட்டு, 2014 ஏப்ரல் 25 அன்று மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

டிட்ராயிட் நீரில் சேர்க்கப்பட்டிருந்த பாஸ்பேட், குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, உலோகம் நீரில் கரையாமல் காத்தது. ஆற்று நீர் குளோரைடு மிகுந்தது. அரிக்கும் தன்மை கூடியது. அதில் பாஸ்பேட் சேர்க்கப்படாததால் படலம் சிதைந்தது.

முறையீடுகளும் கண்டறிதலும்

நீரின் நிறம், நாற்றம், தோல் தடிப்பு பற்றி மக்கள் தொடக்கத்திலிருந்தே முறையிட்டனர். நீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் கூறிவந்தனர். 2014 அக்டோபரில் இயந்திர உறுப்புகள் துருப்பிடிப்பதாகக் கூறி ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆலைக்கு இந்நீரைப் பெறுவதை நிறுத்தியது. 2015 மார்ச்சில் டிட்ராயிட் நீருக்குத் திரும்ப நகர மன்றம் 7-1 என்ற கணக்கில் வாக்களித்தும், அவசரகால மேலாளர் அதனை ஏற்கவில்லை.

பின்னர் மக்களே வீடுவீடாக மாதிரிகளைச் சேகரித்து, வர்ஜீனியா தொழினுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்சின் குழுவுக்கு அனுப்பினர். ஈய அளவு மிகுந்திருப்பதை அக்குழு உறுதிசெய்தது. 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ஐந்து வயதுக்குட்பட்டோரில் குருதியில் ஈயம் மிகுந்தவர்களின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்ததை வெளியிட்டார். 2015 அக்டோபர் 16 அன்று நகரம் டிட்ராயிட் நீருக்குத் திரும்பியது.

விளைவுகள்

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் இல்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் ஈயம் நீங்காது. இதே காலத்தில் அப்பகுதியில் லெஜியனெல்லா நுண்ணுயிரியால் நுரையீரல் அழற்சி பரவி, குறைந்தது 12 பேர் இறந்தனர். தொடக்க அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்ததால், எசுப்பானிய மொழி பேசும் குடியேறிகள் பலருக்குச் செய்தி தாமதமாகவே எட்டியது.

2017 பெப்ரவரியில் மிச்சிகன் குடியுரிமைகள் ஆணையம், குடியிருப்புகளில் நெடுங்காலம் நிலவிய இனப் பிரிவினை உள்ளிட்ட அமைப்புசார் இனவாதமே இந்நெருக்கடிக்கு அடிப்படை என அறிக்கையளித்தது.

சட்ட நடவடிக்கைகளும் இன்றைய நிலையும்

2021 நவம்பரில் 62.6 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இதில் பெரும்பகுதி பாதிப்பின்போது சிறுவராக இருந்தோருக்கு ஒதுக்கப்பட்டது. முன்னாள் ஆளுநர் ரிக் ஸ்னைடர் உள்ளிட்டோர் மீது 2021 இல் குற்றம் சாட்டப்பட்டது. ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்ட முறை சட்டப்படி செல்லாது என மாநில உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. 2023 இல் வழக்குகள் கைவிடப்பட்டன.

2017 இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, வீடுகளுக்குச் செல்லும் ஈயக் குழாய்களை மாற்றும் பணியை 2020 க்குள் முடிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டு, 2025 சூலையில்தான் அப்பணி நிறைவுற்றது.