காசுக்கு விற்ற சிபாரிசு: கூகுள் லிங்க் வியாபாரத்தின் கதை

1/ "மூட்டு வலிக்கு நல்ல மருந்து"ன்னு கூகுள்ல தேடுறீங்க. லட்சக்கணக்கான பக்கங்கள் இருக்கு. ஆனா நாம பார்க்கிறது முதல்ல வர்ற பத்து. பல பேர் மூணு நாலோட நிறுத்திக்குவோம். அந்தப் பத்து எப்படித் தேர்வாகுது, அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்குற வியாபாரம் எப்படி வளர்ந்தது என்பதுதான் இன்றைய திரெட். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/ "டாக்டருக்கு இதுல என்ன வேலை?" இருக்கு. இந்தக் கதை தொடங்குறதே ஒரு மருத்துவ நூலகத்தை ஒட்டித்தான்.

3/ 1951. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்குள்ள வெல்ச் மருத்துவ நூலகத்தில் ஒரு திட்டம் நடக்கிறது. குவிந்துகொண்டே போகும் மருத்துவக் கட்டுரைகளை எப்படி வகைப்படுத்துவது, தேடுபவருக்கு எப்படி எடுத்துக் கொடுப்பது? அந்தத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் யூஜின் கார்ஃபீல்ட். வேதியியல் படித்தவர்.

4/ அவருக்கு வழி கிடைத்தது வக்கீல்களிடமிருந்து. அமெரிக்காவில் 1873-லேயே ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு அட்டவணை தொடங்கியிருந்தார். ஒரு தீர்ப்பை அதற்குப் பிறகு வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்று அதில் பார்க்கலாம். பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா, மேல்கோர்ட்டில் அடிபட்டுப் போச்சா என்று வக்கீலுக்குத் தெரிந்துவிடும்.

5/ "இதையே அறிவியல் கட்டுரைகளுக்குச் செய்தால் என்ன?" கார்ஃபீல்ட் 1955-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த யோசனையை எழுதினார். 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது அதன் செல்வாக்குக்கு ஒரு அளவுகோல் ஆனது. மருத்துவர்கள் எல்லோருக்கும் பரிச்சயமான 'இம்பாக்ட் ஃபேக்டர்' இதன் பிள்ளைதான்.

6/ அப்படியே 1990-களின் நடுப்பகுதிக்கு வருவோம். இணையம் காட்டுச்செடி மாதிரி வளருது. அப்போதைய தேடுபொறிகள் பெரும்பாலும் சொல்லைத்தான் எண்ணின. "ஆஸ்பிரின்" என்ற சொல் ஒரு பக்கத்தில் எத்தனை தடவை வருது, தலைப்பில் இருக்கா, இப்படி. அதை ஏமாற்றுவது ரொம்ப சுலபம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு தடவை "ஆஸ்பிரின்" என்று எழுதிவிட்டால் போதும். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் கண்ணுக்குத் தெரியும்.

7/ ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி மாணவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரு இணையப் பக்கம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுப்பது, ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை இன்னொன்றை மேற்கோள் காட்டுவது மாதிரிதானே? அப்போ லிங்க்கை எண்ணுவோம். வெறுமனே எண்ணினால் போதாது, லிங்க் கொடுப்பவரின் மதிப்பையும் சேர்த்து எடை போடுவோம். மதிப்புள்ளவர் கொடுத்தால் அதிக மதிப்பு. அவரே ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான்.

8/ இதுதான் பேஜ்ரேங்க். இதை விளக்கும் 1998 கட்டுரையின் தலைப்பிலேயே 'சைட்டேஷன்' என்ற சொல் இருக்கிறது. பேஜ், பிரின் இருவரோடு ராஜீவ் மோத்வானி, டெர்ரி வினோகிராட் என்ற இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்து எழுதியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனம் பிறந்தது.

9/ நம்ம பாஷையில் சொன்னால், லிங்க் என்பது ஒரு ரெஃபரல் லெட்டர். "இந்த விஷயத்துக்கு அவர்கிட்ட போங்க, நல்லா பார்ப்பார்." குடும்ப டாக்டர் அதை எழுதிக் கொடுக்கும்போது நோயாளி ஏன் நம்புகிறார்? சொல்பவருக்கு அதில் ஆதாயம் ஏதும் இல்லை என்ற நினைப்பில்தான். பேஜ்ரேங்க் மொத்தமும் நிற்பது அந்த ஒரே நம்பிக்கையின் மேல்.

10/ சரி, யாராவது காசு கொடுத்து லிங்க் வாங்கினால்? இதை அந்த நாலு பேரும் யோசிக்காமல் இல்லை. அந்தக் கட்டுரையிலேயே இதைத் தொடுகிறார்கள். முக்கியமான தளங்களில் காசு கொடுத்து லிங்க் வாங்கும் தில்லுமுல்லு நடக்கலாம், ஆனால் அதற்குப் பணம் செலவாகும் என்பதால் அது கட்டுக்குள்ளேயே இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

11/ எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். செலவாகும் என்பதால் செய்யமாட்டார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் முதல் இடத்தில் வந்தால் கிடைக்கும் வருமானம் அந்தச் செலவைவிடப் பல மடங்கு என்றால்? பணம் அங்கே தடுப்புச் சுவர் இல்லை. முதலீடு.

12/ அந்தச் சந்தைக்கு விலைப்பட்டியல் தந்தது கூகுளேதான். 2000 டிசம்பரில் கூகுள் டூல்பார் வந்தது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் பேஜ்ரேங்க் 0 முதல் 10 வரை ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு மார்க் போட்டு எல்லோருக்கும் காட்டியாச்சு. மார்க் தெரிந்தால் விலை வைக்கக் கஷ்டமா? 7 மார்க் தளத்தில் ஒரு லிங்க்குக்கு ஒரு ரேட், 4 மார்க்குக்கு ஒரு ரேட் என்று ஆகிவிட்டது.

13/ 2002-ல் ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்ற நிறுவனம் இதை வெளிப்படையாகவே தொழிலாக்கியது. அதிக பேஜ்ரேங்க் உள்ள தளங்களில் லிங்க் இடம் வாங்கித் தரும் தரகு. சில வாரங்களில் அந்த நிறுவனத்தின் பேஜ்ரேங்க் 8-லிருந்து 4-க்கு விழுந்தது. கோபத்தில் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள்.

14/ 2003 மே மாதம் அமெரிக்க ஃபெடரல் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காரணத்தைக் கவனியுங்க. பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்றது கோர்ட். உலகமே தராசு என்று நம்பிய ஒன்று, சட்டத்தின் முன்னால் ஒரு கம்பெனியின் அபிப்பிராயம்!

15/ இதற்குள் வியாபாரம் பல கிளை விட்டிருந்தது. கண்ட இடமெல்லாம் கமெண்ட்டில் லிங்க் ஒட்டும் ரோபோக்கள். லிங்க் கொடுப்பதற்கென்றே உருவாக்கிய போலித் தளங்கள். 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து 'நோ-ஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தன. "லிங்க் இருக்கு, ஆனா இது என் சிபாரிசு இல்லை" என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. காசு வாங்கிய லிங்க்குக்கும் இதைப் போடுங்கள் என்று பிறகு கூகுள் கேட்டுக்கொண்டது. சிபாரிசு இல்லாத லிங்க்குக்கு அந்தச் சந்தையில் என்ன விலை கிடைக்கும்? விற்பவர்கள் போடவில்லை.

16/ 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு பெரிய மீனைப் பிடித்தது. ஜே.சி.பென்னி என்ற அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர். உடைகள், படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் அவங்கதான் முதலிடம். தோண்டிப் பார்த்தால், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அவங்களுக்கு லிங்க். அணுப் பொறியியல் பற்றிய தளத்தில்கூட உடைக் கடைக்கு லிங்க்!

17/ கூகுளிடம் ஆதாரத்தைக் காட்டியதும் தண்டனை விழுந்தது. ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, 9 மணிக்கு 71-வது இடம். நாங்கள் அந்த லிங்க்குகளைப் போடச் சொல்லவில்லை என்றது பென்னி. தன் தேடல் ஆலோசனை நிறுவனத்தை வேலையை விட்டும் நீக்கியது.

18/ 2012 ஜனவரியில் இன்னொரு கூத்து. கூகுளின் சொந்த குரோம் பிரவுசருக்கான விளம்பர வேலையில், காசு வாங்கி எழுதிய பதிவு ஒன்றில் நோ-ஃபாலோ இல்லாத லிங்க் இருந்தது. கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே 60 நாளுக்குக் கீழே இறக்கி வைத்தது. வீட்டுக்காரனே தன் வீட்டுச் சட்டத்தில் மாட்டிக்கிட்டான்.

19/ அதே ஆண்டு ஏப்ரல் 24. 'பென்குயின்' என்ற அல்காரிதம் மாற்றம். ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1% பாதிக்கப்படும் என்று கூகுளே சொன்னது. சதவீதம் சின்னது, ஆனால் அந்த ஒரு தேடலை நம்பிக் கடை நடத்தியவனுக்கு அது நூறு சதவீதம். அதுவரை லிங்க் வாங்க அலைந்தவர்கள், அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்தார்கள். எடுப்பதற்கும் காசு கேட்டவர்கள் உண்டு! அக்டோபரில் "இந்த லிங்க்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று கைகழுவ ஒரு வசதியையும் கூகுள் கொடுத்தது.

20/ வியாபாரம் செத்துச்சா? இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி எதிர்ப்புத் திறன் வளர்த்துக்கொள்வது மாதிரி, அதுவும் உருமாறியது. காசு வாங்கிக்கொண்டு போடும் கட்டுரைக்கு 'கெஸ்ட் போஸ்ட்' என்று பெயர் வந்தது. 2014-ல் கூகுளின் மேட் கட்ஸ், லிங்க்குக்காக கெஸ்ட் போஸ்ட் எழுதும் காலம் முடிந்தது என்று எழுதினார். பொதுமக்கள் பார்க்கும் பேஜ்ரேங்க் மார்க்கை 2016-ல் கூகுள் எடுத்தேவிட்டது. விலைச்சீட்டு போனது, சரக்கு போகலை. வேறு கம்பெனிகள் தங்கள் சொந்த மார்க் போட, சந்தை அதை வைத்து விலை பேசுது.

21/ இப்போது நம்ம துறைக்கு வருவோம். பயணப் பெட்டி தேடியவருக்குக் கொஞ்சம் மட்டமான பெட்டி கிடைத்தால் பெரிய நஷ்டமில்லை. மருந்து தேடியவருக்கு?

22/ 2011-ல் வெளியான ஒரு ஆய்வு. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, மருந்துகள் தொடர்பான தேடல்களை ஒன்பது மாதம் கவனித்தது. கிடைத்த முடிவுகளில் சுமார் மூன்றில் ஒன்று, ஹேக் செய்யப்பட்ட தளங்கள். 7,000-க்கும் மேல். அவற்றில் பல்கலைக்கழகத் தளங்களும் அடக்கம். கிளிக் செய்தால் நேராகச் சட்டவிரோத ஆன்லைன் மருந்துக் கடைக்குக் கொண்டுபோய் விடும். லிங்க் வாங்குகிறவன் நல்ல பெயரை வாடகைக்கு எடுக்கிறான். இவர்கள் அதைத் திருடிவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

23/ தாய்வீடான மருத்துவ இதழ்களும் தப்பவில்லை. 2013-ல் பிரேசிலின் நான்கு மருத்துவ இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் நிறுத்திவைக்கப்பட்டது. ஒருவர் இதழை மற்றவர் பேசி வைத்து மேற்கோள் காட்டி மார்க் ஏற்றிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த நாட்டில் மேற்படிப்புத் துறைகளை மதிப்பிடுவதில் இம்பாக்ட் ஃபேக்டருக்குப் பெரிய பங்கு. சொல்லுங்க, ஜே.சி.பென்னி கதைக்கும் இதுக்கும் என்ன வேறுபாடு? மார்க்கை வைத்துச் சோறு போட்டால், படிப்பை விட்டுட்டு மார்க்கைத்தான் துரத்துவான்.

24/ கடைசியாக ஒன்று. இந்தியாவில் 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியை அனுப்பி வைத்ததற்காக ஒரு டாக்டர் இன்னொருவருக்குக் கமிஷன் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. விளம்பரம் மூலம் நோயாளியைப் பிடிப்பதும் நெறிமுறைக்குப் புறம்பு. ஏன் இவ்வளவு கறார்? சிபாரிசு விலைக்கு வந்துவிட்டால் நல்ல சிபாரிசையும் யாரும் நம்பமாட்டார்கள். நஷ்டம் ஏமாந்த நோயாளியோடு நிற்காது. காசு வாங்காமல் "அவரிடம் போங்க" என்று சொல்லும் டாக்டரின் வார்த்தைக்கும் மதிப்புப் போய்விடும்.

25/ புதுசா கிளினிக் போட்ட தம்பி தங்கச்சிகளுக்கு: "மாசம் இவ்வளவு கொடுங்க டாக்டர், முதல் பக்கத்துல கொண்டு வரோம்"னு போன் வரும். "எப்படி?"ன்னு கேளுங்க. பதிலில் லிங்க் பேக்கேஜ் இருந்தால் அது ரெஃபரல் கமிஷனின் ஒன்றுவிட்ட தம்பி. 2022 டிசம்பர் முதல், காசு கொடுத்து வாங்கிய லிங்க்கைக் கண்டுபிடித்து அதன் பலனைப் பூஜ்யமாக்கும் முறையைப் பயன்படுத்துவதாக கூகுள் சொல்கிறது. நம்மிடம் பில் மட்டும் மிஞ்சும். அதே காசில், உங்கள் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விக்குத் தமிழில் பதில் எழுதிப் போடுங்க. தேடி வருகிறவருக்குப் படிக்க ஏதாவது இருக்கும்.

26/ தேடுகிற எல்லோருக்கும்: முதலில் வருவது என்பது மேலே வருவது, அவ்வளவே. எழுதியவர் யார், என்ன படித்தவர், எப்போது எழுதியது, கடைசியில் எதையாவது விற்கிறாரா? இந்த நாலையும் பாருங்க. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது என்றால் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

27/ கார்ஃபீல்டின் அட்டவணை, ஆராய்ச்சியாளனுக்கு நல்ல கட்டுரை கிடைக்கணும் என்று போட்டது. பேஜ், பிரின் போட்டது, தேடுபவனுக்கு நல்ல பக்கம் கிடைக்கணும் என்று. ரெண்டுமே மனுஷன் மனுஷனுக்குச் சொல்லும் சிபாரிசை நம்பிக் கட்டியவை. அடுத்த தடவை நீங்க ஒரு லிங்க்கை ஃபார்வர்டு பண்ணும்போது, அதுவும் ஒரு ரெஃபரல் லெட்டர்தான் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.