திரைக்கு இந்தப் பக்கம் யார்? முத்துக்குளித்துறையில் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான இணையவழி உளச்சிகிச்சை

இணையவழி உளச்சிகிச்சைக்கான வழிகாட்டிகளைப் படிக்கும்போது அவற்றுக்குள் ஒரு வீடு தெரியும். கதவைச் சாத்திக்கொள்ள அங்கே ஓர் அறை உண்டு. பிள்ளைக்கென்று ஒரு கருவி உண்டு. வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே மணிக்கு அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார முடியும். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில், திரேஸ்புரத்திலோ தருவைகுளத்திலோ புன்னைக்காயலிலோ அப்படிப்பட்ட வீடுகள் சில இருக்கலாம். பெரும்பாலான குடும்பங்களின் நாள் அந்தச் சட்டகத்துக்குள் வராது. விசைப்படகுக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்பி இரவில் கரை சேர்கிறார். உப்பளத்துக்குப் போகிற தாய், வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட இருட்டிலேயே புறப்படுகிறார். வீட்டில் இருக்கும் ஒரே போன் வெளியே போகிறவரோடு போய்விடுகிறது. கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளம் விமான நிலையத்தையடுத்த புதுக்கோட்டை போன்ற ஊர்களில் தொழில் வேறு என்றாலும் போன் விஷயத்தில் பெரிய மாற்றமில்லை.

துறைசார் எழுத்துகள் இந்த நிலையைத் 'தடைகள்' என்ற தலைப்பின்கீழ் அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இணையம் வேகமானால், கருவி மலிவானால் சிகிச்சை தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. குழந்தையின் பக்கத்தில் நேரில் உட்கார்ந்திருக்கப்போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். திரையை எங்கே வைப்பது என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த வரிசை மாறிய இடங்களில் தொலைசிகிச்சை தகவல் சொல்லும் சேவையாகச் சுருங்கிவிடுகிறது.

தேவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. அந்த ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சிராப்பள்ளியும் அதில் இருந்தது. ஆகவே பொதுநல அமைப்புக்குள் மனநல மருத்துவத்தைக் கொண்டுவருவது இங்கே புதிதன்று. ஆனாலும் குழந்தைகளுக்கான உளமருத்துவமும் குடும்ப சிகிச்சையும் சென்னை, வேலூர், பெங்களூரு போன்ற நகரங்களிலேயே குவிந்து கிடக்கின்றன. மணப்பாட்டிலிருந்து ஒரு தாய் மாதமொருமுறை பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கெல்லாம் போய்வர முடியாது. அதனால் தொலைவில் இருக்கும் நிபுணரை இங்கே வரவழைக்கும் முயற்சியை எவரும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய, இந்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண் அதன் மிகப் பரவலான வடிவம். 2024 அக்டோபரில் அதற்குக் காணொளி வசதியைச் சேர்த்தபோது, முதலில் தேர்ந்தெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது.

எண்ணைச் சுழற்றுவது யார் என்பதில்தான் சிக்கல். ஆறு வயதுப் பிள்ளை சுழற்றாது. பதினான்கு வயதுப் பெண் சுழற்றலாம், ஆனால் அழைத்த எண் போனில் பதிவாகி நிற்கும், மாலையில் அந்த போன் அண்ணன் கைக்குப் போகும்.

இந்தக் கேள்விக்கு நமக்கு அருகிலேயே ஒரு பழைய விடை உண்டு. அது கிடைத்தது இன்னொரு புதுக்கோட்டையில், அதாவது திருச்சிக்குத் தெற்கே உள்ள மாவட்டத்தில். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தொலைமனநல முயற்சிகளில் இறங்கியிருந்தது. 2010-இல் அது புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்தகம். நோயாளியும் குடும்பத்தாரும் உள்ளே அமர்ந்து, சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரோடு திரைவழியே பேசினார்கள். மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேருந்தைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பேருந்து வருவதற்கு முன்பே தெருத்தெருவாகப் போய் நோயாளியைக் கண்டறிந்து, அது திரும்பிய பிறகும் வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டாரா என்று கேட்ட உள்ளூர்ப் பணியாளர்கள். திரை மாதத்தில் சில நிமிடங்களே இயங்கியது. மீதி நாளெல்லாம் அந்த மனிதர்கள். அத்திட்டம் பெரியவர்களின் தீவிர மனநோய்க்கானது, குழந்தைகளுக்கானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழந்தைகளுக்கான முன்மாதிரி இன்னும் பக்கத்தில், தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமும் மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் உள்ள சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறது. சமூக மறுவாழ்வுப் பணியாளர் வீட்டுக்கு வருகிறார். தாயோடு தரையில் உட்கார்ந்து பிள்ளையைப் பயிற்றுகிறார். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பதிவு செய்கிறார். இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சி நிபுணர்கள் அந்தப் பதிவைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். இங்கே இணையம் இணைப்பது நிபுணரையும் பணியாளரையும். குழந்தைக்கு முன்னால் இருப்பது ஒரு முகம், அதுவும் பழகிய முகம். 2020 ஊரடங்கில் வீட்டுக்குப் போக முடியாமல் போனபோது இவர்களால் தொலைபேசிக்கும் காணொளிக்கும் மாற முடிந்தது. தாய்க்கு அந்தப் பணியாளரை முன்பே தெரிந்திருந்ததே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். அறிமுகமே இல்லாத குரலோடு அதே வேலையைத் தொடங்கியிருந்தால் எத்தனை குடும்பங்கள் தொடர்ந்திருக்கும்?

உலக அளவில் கிடைத்த சான்றுகளையும் இந்தக் கோணத்தில் மறுபடி வாசிக்கலாம். பெற்றோர்–குழந்தை இடைவினைச் சிகிச்சை 1970-களில் அமெரிக்காவில் ஷீலா ஐபெர்க் வகுத்த முறை. அதில் சிகிச்சையாளர் பிள்ளையோடு பேசுவதே இல்லை. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தாயின் காதில் பொருத்திய கருவி வழியாக, "இப்போது பாராட்டுங்கள்", "இதைக் கண்டுகொள்ள வேண்டாம்" என்று சொல்லிக்கொடுப்பார். ஜோனதன் கோமரும் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 40 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இதையே வீட்டில் இணையம் வழியாக அளித்தார்கள். விளைவு மருத்துவமனைச் சிகிச்சைக்கு இணையாக இருந்தது. இணையம் வென்றது என்று இதை மேற்கோள் காட்டுவது வழக்கம். உண்மையில் இந்த முறையில் சிகிச்சை செய்கிறவர் தொடக்கத்திலிருந்தே தாய்தான். கண்ணாடி போய்க் கேமரா வந்தது, அவ்வளவே. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசக் குழந்தைகளோடு நடந்து 2016-இல் வெளியான ஆய்வும் இதே திசையில் நிற்கிறது. நிபுணரல்லாத பணியாளர்கள் தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதைத் தாயோடு சேர்ந்து பார்த்துப் பேசினார்கள். எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் தெரியவில்லை; ஆனால் பிள்ளையின் போக்குக்கு இசைந்து தாய் பதிலளிப்பது கூடியது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தவர் மருத்துவர் வித்யாசாகர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் அதே வழியில் குடும்பத்தை உடன் வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே ஆற்ற வேண்டும் என்று எழுதிவந்தார். தனியறை, தனிக்கருவி, தனியாள் என்ற கட்டமைப்பு இந்த மரபுக்குப் பின்னோக்கிய நடை.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மழுப்பக்கூடாது. குடும்பமே காயத்தின் ஊற்றாக இருந்தால்? குடித்துவிட்டு வந்து அடிக்கிற தகப்பனைப் பற்றி, அத்துமீறுகிற உறவினரைப் பற்றி, ஒற்றை அறை வீட்டில் எல்லோர் காதிலும் விழப் பிள்ளை எப்படிப் பேசும்? 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், சிறாருடனான தொலை ஆலோசனையின்போது வயதுவந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், அவர் யார் என்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. பாதுகாப்புக்காக எழுதிய விதி, தவறான ஆள் உடனிருந்தால் பிள்ளையின் வாயைக் கட்டிவிடும். ஆனால் அந்த விதி 'வயதுவந்தவர்' என்கிறதே தவிர, அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. காப்பாளரின் ஒப்புதல் தனிக் கேள்வி. அதைப் பெற்ற பிறகு உடனமர்பவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியையாகவோ இருப்பதை இந்த வாசகம் தடுப்பதாக நான் காணவில்லை. பள்ளியில் ஓர் அறை, பழகிய ஒரு பெண், திரையில் ஒரு நிபுணர். வளரிளம் பருவத்தினருக்கு வீட்டைவிட இதுவே பொருந்தும். வெளிப்படுவது பாலியல் குற்றமானால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு எவரையும் புகாரளிக்கக் கட்டாயப்படுத்துகிறது. அன்று இரவு அந்தப் பிள்ளை எங்கே தூங்கும் என்பதைப் பெங்களூரிலிருந்து யாரும் பார்த்துக்கொள்ள முடியாது.

நேரம் பற்றிய கேள்வியும் உள்ளூர் விடையைக் கேட்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் தகப்பன் கரையில் இருக்கும் மாதங்கள் இவை. பள்ளி விடுமுறையும் பெரிதும் இதற்குள் வருகிறது. வாரம் ஒன்று என்று வைத்தாலும் எட்டு அமர்வுகள் கிடைக்கும். பரதவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, ஆனால் புறநோயாளர் பிரிவுக்கும் அன்றுதான் விடுமுறை. உப்பளக் குடும்பங்களுக்கு மழைக்காலமே ஓய்வு. கடல் அட்டவணை ஒன்று, உப்பு அட்டவணை ஒன்று என்று சிகிச்சை நாட்களை வகுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. அலுவலக நேரத்தை விட்டுக்கொடுக்கும் மனம் வேண்டும். தடைக்காலம் வருமானமில்லாத காலம், வீட்டில் சச்சரவு கூடும் காலம் என்பதும் அதே மாதங்களில் அமர்வுகளை வைப்பதற்கு இன்னொரு காரணம்.

இணையத்தையே நம்பியிருக்கும் சிகிச்சைக்கு இந்த மாவட்டம் இருமுறை பாடம் கற்பித்திருக்கிறது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேரைப் பலிகொண்ட 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டின் மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்கி அரசு ஆணையிட்டது. அச்சத்தில் உறைந்த தெருக்களில் குழந்தைகளுக்கு ஆறுதல் தேவைப்பட்ட நாட்கள் அவை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சுமார் 800 பயணிகள் சிக்கினார்கள், மின்சாரம் போனது, செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. முதல் நிகழ்வில் சாதாரண அழைப்பாவது மிஞ்சியது, இரண்டாவதில் பல ஊர்களில் அதுவும் இல்லை. பேரிடர் உளநல உதவிக்குத் தொலைச்சேவையை முன்னிறுத்தும் திட்டங்கள், மிகவும் தேவைப்படும் வாரத்தில் அது இருக்காது என்ற நிலைமையைக் கணக்கில் எடுப்பதில்லை. பக்கத்துத் தெருவில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் முழங்கால் தண்ணீரிலும் நடந்து வருவார்.

அந்த ஒருவரைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடுவீடாகப் போகிறார்கள். அங்கன்வாடிகள் ஊர்தோறும் இருக்கின்றன. ஆனால் குறைந்த ஊக்கத்தொகையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவரும் பெண்ணின் தலையில் பிள்ளைகளின் மனத்தையும் ஏற்றிவிட்டு அதற்குச் சமூகப் பங்கேற்பு என்று பெயரிடுவது சுரண்டல். தனி ஊதியமும், வாரமொருமுறை நிபுணரின் திரைவழி மேற்பார்வையும், அவர் கேட்ட துயரங்களை அவரே இறக்கிவைக்க ஓரிடமும் வேண்டும். இணையத்துக்குச் செலவழிப்பதென்றால் முதலில் அந்த மேற்பார்வைக்குச் செலவழிக்கலாம். அளவுகோலையும் மாற்ற வேண்டியிருக்கும். தொலைச்சேவைகள் இன்று வந்த அழைப்புகளை எண்ணி அறிக்கை தருகின்றன. உதவி கேட்டு வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் கழித்தும் அதே பணியாளர் பக்கத்தில் இருக்கிறார் என்ற எண்ணை, தூத்துக்குடி மாவட்ட மனநலத் திட்டம் அடுத்த தடைக்காலத்திலிருந்தே திரட்டத் தொடங்கலாம்.