டாக்டரிடம் சொல்லாதது

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனபிறகுதான் பல நோயாளிகள் வாயைத் திறப்பார்கள். "சிஸ்டர், ராத்திரி நெஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, வீட்டுக்கு விடமாட்டாரு." நர்ஸ் வேலையில் இருந்த 30 வருஷமும் இப்படிக் கேட்டிருக்கிறேன்.

விண்வெளிக்குப் போனவர்களும் இதே ரகம்தான் என்பது டோலரஸ் ஓஹாராவைப் பற்றிப் படித்தபோது தெரிந்தது. அமெரிக்க விமானப் படையில் நர்ஸாக இருந்தவர். 1959-ல் மெர்குரி திட்டத்துக்கு 7 விமானிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உடம்பு சரியில்லை என்று எந்த விமானியும் டாக்டரிடம் சொல்லமாட்டான், கூடவே இருக்கும் ஒரு நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தார் ஒரு ராணுவ மருத்துவ அதிகாரி. அப்படித்தான் ஓஹாரா ஃப்ளோரிடாவின் கேப் கனாவெரல் போய்ச் சேர்ந்தார்.

அந்த விமானிகள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எழுவரில் ஒருவரான டொனால்ட் ஸ்லேட்டனை, இதயத் துடிப்பு சீராக இல்லை என்று 1962-ல் பயணத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் விண்வெளிக்குப் போக 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு டாக்டரின் கையெழுத்தில் கனவே போய்விடும் என்றால் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

ஓஹாரா அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். என்னிடம் சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உங்களுக்கோ பயணத்துக்கோ ஆபத்து என்றால் டாக்டரிடம் சொல்லியே தீருவேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். 1961 மே 5-ல் ஆலன் ஷெப்பர்ட் 15 நிமிடம் பறந்து திரும்பிய முதல் பயணம் தொடங்கி, ஜெமினி, அப்பல்லோ என்று ஓஹாராவின் பணி தொடர்ந்தது. எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல், ரத்தம், சிறுநீர் என்று நாங்கள் வார்டில் பார்த்த அதே வேலைதான். 1964-ல் ஹூஸ்டனுக்குப் போனபின் அவர்கள் குடும்பத்தாரையும் கவனித்துக்கொண்டார்.

நெஞ்சு அடைத்தது என்றாரே, அந்தப் பெரியவரிடம் நான் "சொல்லமாட்டேன் ஐயா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் டாக்டரிடம் சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள், உடனே ஐசியூவுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்குப் போகும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் டாக்டரிடம் சொன்னது தப்பில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததுதான் தப்பு. ஓஹாரா எல்லையை முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் அவரை நம்பினார்கள்.