வாத்தியார் இல்லாத திண்ணை

மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், கவிதையும் எழுதுகிறவர், போன ஆடி மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு மூன்று நாள் விடுப்பு தேவைப்பட்டது. ஒன்று முதல் மூன்று வரை அவர் பொறுப்பு. நாலும் ஐந்தும் இன்னொரு ஆசிரியை. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு என்ன வேலை கொடுத்துட்டுப் போறது? எழுத்தே இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். டீச்சர் நடுவுல நடுவுல எட்டிப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்" என்றார்.

நான் வாத்தியார் அல்ல. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வாத்தியார் இல்லாத இடத்தில் எழுத்து எப்படிக் கற்கப்படுகிறது? வாத்தியாருக்குப் பதிலாக அங்கே இருப்பது யார், அல்லது எது? இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் இங்கிருந்து கப்பலேறிப் போய், வேறு உருவத்தில் உலகைச் சுற்றியும் வந்திருக்கிறது. நம்மில் பலருக்கு அது வெறும் பள்ளிக்கூட விஷயம். அப்படி அல்ல என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1623ஆம் வருஷம் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டில், கேளடி நாயக்கர்களின் இக்கேரியில் தங்கியிருந்தார். அங்கே ஒரு கோயில் முகப்பில் நாலு சிறுவர்களைப் பார்த்தார். கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ராகம் போட்டு ஒரு வரியைச் சொல்லியபடியே தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதினான். மற்ற மூவரும் அதே வரியைப் பாடி எழுதினார்கள். தரை நிறைந்ததும் அழித்துவிட்டு, வேண்டுமானால் புது மணலைத் தூவிக்கொண்டார்கள். வாத்தியார் யாரும் இல்லை. ஒரு இடம் மறந்துபோனால் யார் திருத்துவது என்று கேட்டார் பயணி. நாலு பேரும் ஒரே இடத்தில் மறப்பதோ தப்புவதோ நடக்காது, ஒருவன் தவறினால் மற்றவர்கள் திருத்துவார்கள், அதற்காகத்தான் சேர்ந்து பாடுகிறோம் என்றார்கள் சிறுவர்கள். தெல்லா வாலே இதை வியந்து எழுதி வைத்தார். கல்வி பற்றி நான் படித்ததில் இவ்வளவு தெளிவான பதில் குறைவு. இந்தப் பதிலுக்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் ஆரம்பப் பாடமும் இதே ஜாதிதான். மணலில் எழுத்தை எழுதிக் காட்ட வேண்டும். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டியபடி அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். விரல், வாய், காது மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. தப்பு நேர்ந்தால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஓலையில் எழுத்தாணி கீறிய தப்பு அப்படிப் போகாது. ஆகவே ஓலை பின்னால் வந்தது. இந்த வேலைக்கு வாத்தியார் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முந்தின மாதம் கற்றவன் போதும். இப்படித்தான் சட்டாம்பிள்ளை என்ற ஸ்தாபனம் நின்றது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அவனைத் தெரியும். வாத்தியார் இருக்கும்போது அவருடைய கை. இல்லாதபோது அவரே.

1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதும் நாட்டுப் பள்ளிக்கூடங்களின் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் முடிவு வந்தது. 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஜனத்தொகை ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல். கலெக்டர்கள் அனுப்பிய பதில்களில் விரிவானது பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் எழுதியது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம். அதற்குப் பின் வருபவர்களுக்கு வரிசைப்படி அடி. கீழ்வகுப்புகள் சட்டாம்பிள்ளைகளிடம், மேல்வகுப்புகள் வாத்தியாரிடம். செலவில்லாமல் எழுதக் கற்றுக்கொடுக்கும் இந்த முறையைக் காம்ப்பெல் பாராட்டினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றார். கூடவே ஒரு குறையும் சொன்னார். பிள்ளைகள் செய்யுள்களை ஒப்பிக்கிறார்கள், அர்த்தம் தெரியவில்லை, கிளிப்பிள்ளைப் பாடம் என்று.

இங்கிலாந்து பின்பற்றிய கதை இது. ஸ்காட்லாந்துக்காரரான பாதிரி ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். பிள்ளைகள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். தமிழரை அன்று அவர்கள் அப்படித்தான் குறித்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். விடுதிக்குத் திரும்பியதும் கீழ்வகுப்பு உதவி ஆசிரியரிடம் இதையே செய்யச் சொன்னார். தரைக்குப் பதிலாகப் பலகை மீது மணல், அது ஒன்றுதான் மாற்றம். உதவி ஆசிரியர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவரோடு மல்லுக்கு நிற்காமல் பெல், ஒரு சிப்பாயின் மகனான ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியருக்கு முடியாதது பையனுக்கு முடிந்தது.

1796இல் பெல் ஊர் திரும்பினார். மறு வருஷம் தம் பரிசோதனையைச் சிறு புத்தகமாக வெளியிட்டார். 1798இல் லண்டனில் ஒரு பள்ளி இந்த முறையை ஏற்றது. அதே வருஷம் அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, ஒரே ஆசிரியரும் பல சட்டாம்பிள்ளைகளுமாகப் பெரிய கூட்டத்தையே நடத்திக் காட்டினார். அவரிடமும் மணல் மேஜை இருந்தது. அப்புறம் யார் முதல் என்ற சண்டை. பெல் பக்கம் ஆங்கிலத் திருச்சபையின் தேசியச் சங்கம், 1811இல். லங்காஸ்டர் பக்கம் மற்றவர்கள். 'மதராஸ் முறை' என்ற பெயர் நிலைத்தது. பெல்லின் பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மதராஸ் கல்லூரி. 1814இல் கம்பெனி டைரக்டர்களே வங்காளத்துக்கு எழுதிய கடிதத்தில், இந்தியக் கிராம வாத்தியார்களின் முறைக்கு இங்கிலாந்து செய்த பெரிய மரியாதை அதைப் பெல் மூலம் ஏற்றுக்கொண்டதுதான் என்று குறிப்பிட்டார்கள். பெல் சொன்ன கதையிலோ மணல் இருக்கிறது, சட்டாம்பிள்ளை இல்லை. அந்தப் பகுதி தம்முடைய கண்டுபிடிப்பு என்பதே அவர் நிலை.

நம் கவனத்துக்குரிய விஷயம் வேறு. பெல்லுக்காக வாதாடியவர்கள் யார்? கோல்ரிட்ஜ். 1808இல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவில் லங்காஸ்டரின் தண்டனைகளைத் தாக்கினார். கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கூடையில் வைத்து உத்தரத்திலிருந்து தொங்கவிடுவது போன்றவை லங்காஸ்டரின் கண்டுபிடிப்புகள். அவற்றைத் தாக்கியது சரிதான். சதே புத்தகமே எழுதினார். வேர்ட்ஸ்வொர்த்தும் ஆதரித்தார். குழந்தைப் பருவத்தைக் கவிதையின் ஊற்றுக்கண்ணாகக் கருதிய தலைமுறை, நூற்றுக்கணக்கான குழந்தைகளை வரிசையில் நிறுத்திக் கட்டளைக்குக் கை தூக்கவும் இறக்கவும் வைத்த ஒரு முறையைக் கொண்டாடியது. கவிஞர்கள் முரண்படுவது புதிதல்ல. ஆனால் இதை வெறும் முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. ஆலைகள் பெருகிய தேசம் அது. குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எழுத்து வேண்டியிருந்தது, அதைவிட அதிகமாக ஒழுங்கு வேண்டியிருந்தது. மணல் போயிற்று, மணலோடு வந்த பாட்டும் போயிற்று. மிஞ்சியது படிவரிசை. இக்கேரியில் நாலு பேரில் யாரும் தலைவன் இல்லை. லண்டனில் சட்டாம்பிள்ளைக்கு மேல் சட்டாம்பிள்ளை. 1846இல் அரசாங்கம் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களைச் சம்பளத்தோடு ஐந்து வருஷப் பயிற்சி மாணவ ஆசிரியர்களாக அமர்த்தத் தொடங்கியதும் அந்த முறை தேய்ந்தது.

இதைச் சொல்லிவிட்டு நம் திண்ணையைப் பொற்காலமாக்குவது சுலபம். 1983இல் தரம்பால் மன்றோ கணக்கின் ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு அப்படிப் பேசுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் செய்த வேலை பெரியது. ஐரோப்பியர் வருமுன் இங்கே இருட்டு என்ற எண்ணத்தை அவர் எண்களாலேயே உடைத்தார். ஆனால் அதே எண்களில் பெண் குழந்தைகள் சுமார் 4,500 பேர் மட்டும். திண்ணை ஒரு வீட்டினுடையது. எந்த வீடு, எந்தத் தெரு என்பதைப் பொறுத்து அதில் ஏறக்கூடியவர்கள் யார் என்பதும் முடிவாகிவிட்டது. மணல் எல்லோருக்கும் பொது, திண்ணை அப்படி அல்ல.

காம்ப்பெல் சொன்ன குறையையும் வெள்ளைக்காரன் பேச்சு என்று தள்ள முடியாது. அர்த்தத்தைத் தள்ளிப்போட்டு ஓசையை முதலில் ஏற்றும் பழக்கம் நம் வாசிப்பின் அடியில் இன்றும் இருக்கிறது. செய்யுளை ஒப்பித்தவன் அதைத் தெரிந்துகொண்டதாக நம்புகிறான். தமிழாசிரியர்களில் பலர் புதுக்கவிதை மீது கொண்ட கோபத்தில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். ராகம் போட முடியாத எழுத்தைக் கூட்டத்தோடு சொல்ல முடியாது. தனியாக, வாய் திறக்காமல், தப்பாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தோடு படிக்க வேண்டும். அந்த ஆபத்துக்கு யாரும் நம்மைப் பழக்கவில்லை. ஆனால் மனப்பாடத்தைப் பழிப்பதோடு நின்றுவிடுவதும் நேர்மை ஆகாது. நாலு பேர் சேர்ந்து பாடியது வெறும் ஒப்பித்தல் அல்ல. ஒருவர் காது மற்றவர் வாய்க்குக் காவல் இருந்தது. முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகைகளில் நாம் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதும் இதுதான் என்று நான் நம்பி வந்திருக்கிறேன். பல்கலைக்கழகம் திருத்தவில்லை, வாரப்பத்திரிகை திருத்தவில்லை. முகப்பில் உட்கார்ந்து நாமே திருத்திக்கொண்டோம்.

இந்த நம்பிக்கையோடுதான் நண்பருக்கு யோசனை சொன்னேன். ஜோடிக்கு ஒரு தாம்பாளம், அதில் சலித்த ஆற்று மணல். ஐந்தே எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட அட்டை. ஒரு பிள்ளை அட்டையைக் காட்டிப் பெயர் சொல்ல, மற்றது சொல்லியபடி மணலில் எழுத வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஐந்தையும் பாட வேண்டும். ஆசிரியைக்கு ஒரு சீட்டு: திருத்த வேண்டாம், அவர்களே திருத்திக்கொள்வார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை நடத்தியவர் என் நண்பர். அவருக்கு இது விளங்கியது. அட்டைகளைத் தானே வரைந்தார்.

நாலாம் நாள் அவர் போனபோது பிள்ளைகள் உற்சாகமாக இருந்தார்கள். தாம்பாளம் கவிழவில்லை, சண்டை இல்லை. ஐந்து எழுத்தும் பதிமூன்று பேருக்கும் கை வந்திருந்தது. பாடச் சொன்னார். நாலு எழுத்து சரி. 'ம' வரும்போது பதிமூன்று பேரும் ஒரே குரலில் 'வே' என்றார்கள்.

அட்டையில் அவர் மரம் வரைந்திருந்தார். பள்ளி வாசலில் நிற்பது வேப்பமரம். படத்தைப் பார்த்தவர்கள் அதை வேம்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாளும் மணலில் 'ம' எழுதி 'வே' என்று பாடியிருக்கிறார்கள். இக்கேரிச் சிறுவர்கள் நடக்காது என்று சொன்னது நடந்துவிட்டது. எல்லோரும் ஒரே இடத்தில் தப்பினார்கள்.

அது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பதிமூன்று பேரில் ஒரு பெண் குழந்தைக்கு 'ம' முன்பே தெரியும். அவளுடைய அக்கா வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தாள். முதல் நாள் அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் திருத்தியிருக்கிறார்கள். நண்பர் அவளைத் தனியே கூப்பிட்டு, "உனக்குத்தான் தெரியுமே, அப்புறம் ஏன் 'வே'ன்னே?" என்று கேட்டார்.

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க சார்" என்றாளாம்.