முடி வளர்க்கும் மருந்தும் நிறம் இழந்த தோலும்

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் ஒருவர் தலையில் காசளவு வட்டமாக முடி உதிர்ந்துவிட்டால், "புழு வெட்டியிருக்கிறது" என்பார்கள். சின்ன வெங்காயத்தைத் தேய்க்கச் சொல்வார்கள். சிலர் தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நாடுவர். உண்மையில் புழு எதுவும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே முடியின் வேரைப் பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது புழுவெட்டு.

தோலை எரிச்சலூட்டினால் முடி முளைக்கும் என்ற எண்ணம் மிகப் பழையது. ஆயுர்வேத நூல்கள் இதற்குச் சேங்கொட்டையையும் குன்றிமணியையும் கூறுகின்றன. சலவைத் தொழிலாளர் துணியில் குறியிட்டு வந்த அதே சேங்கொட்டைதான்! அதன் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும்.

1976-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏறக்குறைய இதே வழியில் சென்றனர். டைநைட்ரோகுளோரோபென்சீன் என்னும் வேதிப்பொருளைத் தலையில் தடவி, வேண்டுமென்றே ஒவ்வாமையை உண்டாக்கினர். புதிய பகையைக் கண்ட வெள்ளணுக்கள் முடிவேரை மறந்துவிடுகின்றன என்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. பலருக்கு முடி வளர்ந்தது. ஆனால் அப்பொருள் பாக்டீரியாக்களின் மரபுப் பொருளை மாற்றுவது தெரிய வந்தது. எனவே 1983-இல் ஜெர்மானியர் டைபென்சைப்ரோன் என்ற மாற்றுப் பொருளைக் கொண்டு வந்தனர்.

1988-இல் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். இம்மருந்து தடவப்பட்டவருக்குத் தோலில் வெண்புள்ளிகள் தோன்றின என்பதே அது. பிற நாடுகளிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. சிலருக்கு மருந்து தடவாத இடங்களும் வெளுத்தன.

குற்றவாளி மருந்தா, நோயா? எளிதில் சொல்ல முடியாது. புழுவெட்டும் வெண்புள்ளியும் ஒருவரிடமே சேர்ந்து வருவதுண்டு. இரண்டிலும் வெள்ளணுக்களே தாக்குகின்றன. வெண்புள்ளியில் அவை அழிப்பது மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் அணுக்களை. புழுவெட்டும் கருமுடியைத் தாக்கி நரைமுடியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மீண்டும் முளைக்கும் முடி முதலில் வெள்ளையாகவே வருவதுண்டு. இந்த நிலையில் ஒவ்வாமையும் கிளறிவிடப்பட்டால், நிறமி அணுக்களுக்கு ஆபத்து கூடுகிறது.

ஸ்டீராய்டு ஊசி போட்ட இடமும் வெளுக்கும். ஆனால் அது பெரும்பாலும் சில மாதங்களில் மாறிவிடும். வெண்புள்ளி நிலைத்துவிடலாம். நம்மவர் கருநிறத் தோலில் அது பளிச்சென்று தெரியும். 'வெண்குஷ்டம்' என்று யாரோ தவறாகச் சூட்டிய பெயர் வேறு! தொழுநோய்க் கிருமிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் அப்பெயரால் திருமணங்கள் நின்றதுண்டு. முடிக்காக வந்தவரிடம் இந்த அபாயத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

டைபென்சைப்ரோன் இன்றும் வழக்கில் உள்ளது. மிக நீர்த்த கரைசலாகத் தலையின் ஒரு பாதியில் மட்டும் தடவிப் பார்த்து, பிறகே மறுபாதிக்குச் செல்கின்றனர். வெளுப்பு தென்பட்டால் நிறுத்திவிடுகின்றனர்.