நூதனசாலையும் ஊர் மக்களும்: உடுவிற் பகுதியை அடிப்படையாகக் கொண்ட ஒரு நோக்கு

நூதனசாலையின் பணிகள் மூன்று எனலாம். அரும்பொருள்களைச் சேகரித்தல் முதலாவது. அவற்றைப் பேணுதல் இரண்டாவது. மக்களுக்கு அவற்றை விளக்கிக் காட்டுதல் மூன்றாவது. முதலிரண்டும் அறிஞராலும் அலுவலராலும் நிறைவேறக்கூடியவை. மூன்றாவதோ மக்கள் வந்தாலன்றி நிறைவேறாது. இதனை உணர்ந்தே உலகின் பல நகரங்களிலுள்ள நூதனசாலைகள் தமக்கெனச் சிறப்பு நாள்களை வகுத்துக்கொண்டன. 1977ஆம் ஆண்டிலே அனைத்துலக நூதனசாலைகள் பேரவை உலக நூதனசாலை நாளை ஏற்படுத்தியது. மே 18ஆந் திகதியை ஒட்டி அது கொண்டாடப்படுகிறது. 1997இல் பேர்லின் நகர நூதனசாலைகள் நள்ளிரவு கடந்தும் தம் கதவுகளைத் திறந்துவைத்தன. அவ்வழக்கம் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று. யாழ்ப்பாணத்துக்கு இத்தகைய நாள்கள் எவ்வகையிற் பொருந்தும் என்பதை உடுவிற் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடுவில் என்றதும் 1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் தொடங்கிய மகளிர் பாடசாலையே பலர் நினைவுக்கு வரும். ஆயின் அப்பாடசாலைக்கு ஈராயிரம் ஆண்டுகள் முற்பட்ட வரலாறு உடுவிலின் அயலிலேயே மண்ணுள் உறைகின்றது. அதுவே கந்தரோடை. போல் ஈ. பீரிஸ் அங்கு ஆய்வு நடத்தி, 1917, 1919 ஆகிய ஆண்டுகளில் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அதன் முடிவுகளை வெளியிட்டார். முத்திரை குத்திய பழங்காசுகள், உரோம நாணயங்கள், மணிகள், செம்பினாலான அஞ்சனக்கோல்கள் என்பன அவர் கண்டவற்றுட் சில. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் அங்கு அகழ்ந்து, பௌத்தச் சின்னங்களுக்கு முற்பட்ட கறுப்புச் சிவப்பு மட்பாண்டப் பண்பாட்டை வெளிப்படுத்தினர். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் ஈமக்குழி ஒன்றை அகழ்ந்தபோது, குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது.

கடல்கடந்த நூதனசாலை ஒன்று தேடிவந்த மண் இது. ஆயின் அம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் பயிரிடும் குடும்பங்களுள் இப்பொருள்களைக் கண்ணாற் கண்டவை எத்தனை? கந்தரோடையிற் கிடைத்த புத்தர் சிலையொன்றின் உடற்பகுதி நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையில் இருக்கின்றது. உடுவிலிலிருந்து அவ்விடம் ஐந்தாறு மைல் தொலைவே. தொலைவு காரணமன்று, அழைப்பு இல்லாமையே காரணம்.

அந்நூதனசாலைக்கு அண்மையிலேதான் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உள்ளது. அதன் மகோற்சவம் இருபத்தைந்து நாள்கள் நிகழும். குடாநாடு முழுவதும் அங்கே திரளும். நம் கோயில் மரபு இவ்விடத்து நமக்கொரு பாடம் புகட்டுகின்றது. மூலவர் கருவறையினின்றும் பெயர்வதில்லை. உற்சவரோ வீதிக்கு எழுந்தருளுகின்றார். நடக்கவியலாத முதியோரும் தம் வாயிலில் நின்று வணங்குகின்றனர். நம் நூதனசாலைகளில் மூலவர் உண்டு, உற்சவமே இல்லை.

ஆதலால் மூன்று வகை நிகழ்ச்சிகளை நாம் எண்ணிப்பார்க்கலாம். ஓர் ஊரிற் கிடைத்த பொருள்கள் ஆண்டுக்கொரு நாள் அவ்வூர்ப் பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ வருதல் ஒன்று. அரும்பொருளை இடம்பெயர்த்தல் ஆபத்தானது என்பர் பேணுநர். அது நியாயமே. எளிதில் உடையக்கூடியவற்றுக்கு அச்சுவார்ப்புப் படிகளைக் கொண்டுவரலாம். ஊரவர் தம் வீட்டு ஏடுகள், பழைய உறுதிகள், நிழற்படங்கள் ஆகியவற்றைக் கொணர்ந்து காட்டவும் அவை பதிவுசெய்யப்படவும் வாய்ப்பளித்தல் மற்றொன்று. மூன்றாவது, மக்கள் வினவ அறிஞர் விடையளிக்கும் அரங்கு.

இம்மூன்றாவதே இன்றியமையாதது. கந்தரோடையின் சிறு தூபிகளைச் சிங்கள பௌத்தரின் சின்னம் என்பர் ஒரு சாரார். தமிழ் பௌத்தரின் சின்னம் என்பர் மறுசாரார். இவ்வழக்கு மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பேசப்படுகின்றதேயன்றிச் சான்றுகளின் முன் நின்று பேசப்படுவதில்லை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் இலண்டனிற் சமர்ப்பித்த ஆய்வேட்டிற் கொண்டிருந்த கருத்துகள் பலவற்றைப் புதிய சான்றுகளின் ஒளியில் மாற்றிக்கொண்டு, 2005இல் நூலொன்றை வெளியிட்டார். சான்றுக்கு முன் கருத்து வளைந்துகொடுக்க வேண்டும் என்னும் அந்த ஒழுக்கத்தை உழவரும் மாணவரும் பானையோட்டைக் கையிலேந்தியே கற்க வேண்டும். தம் மண்ணின் கதையை அறியாதவர், பிறர் கூறும் எந்தக் கதையையும் மறுக்கவும் இயலாது, ஏற்கவும் இயலாது.

இவற்றுக்குரிய காலத்தையும் ஆராய்தல் வேண்டும். உலகம் கொண்டாடும் மே 18, 2009இல் முடிந்த போரில் மாண்டோரை வடக்கும் கிழக்கும் நினைந்து அழும் நாள். அந்நாளிற் கொண்டாட்டம் நமக்கு ஒவ்வாது. நல்லூர்த் திருவிழாக் காலத்து மாலைப்பொழுதுகளில் நாவலர் வீதி நூதனசாலை இரவு வரை திறந்திருப்பின், வீதியிற் செல்லும் கூட்டத்தில் ஒரு பகுதியேனும் உள்ளே நுழையும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அருகே இந்திய அரசின் உதவியுடன் எழுந்து, 2022இல் திறக்கப்பெற்று, 2025இலே திருவள்ளுவர் பெயர் சூட்டப்பெற்ற பண்பாட்டு மையத்திலும் நூதனசாலைக்கென இரு தளங்கள் அமைந்துள்ளன. கட்டடம் இனித் தடையன்று.

1981இல் அப்பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை இன்றுவரை நாம் மறவாமைக்குக் காரணம் யாது? அந்நூல்களைக் கையிலெடுத்துப் படித்த வாசகர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களே அழுதனர், அவர்களே நூலகம் மீண்டும் எழவேண்டுமென நின்றனர். எவரும் பார்த்திராத பொருள் தொலைந்தால் அழுவார் எவருமிலர்; தேடுவாரும் இலர். பூட்டும் காவலும் ஒரு பொருளை ஓரளவே காக்கும். அதனைத் தமதென்று கண்டறிந்த மக்களே அதற்கு உறுதியான காவல். கந்தரோடைப் பொருள்களுக்கு அக்காவல் உடுவிலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.