புற்பூ

புற்பூ என்பது புற்குடும்பத் (போவேசியே, பழைய பெயர் கிராமினே) தாவரங்களின் பூ ஆகும். காற்றின் வழியாகவோ தன்மகரந்தச் சேர்க்கையாலோ கருவுறுவதால் இதில் பகட்டான இதழ்கள் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், குறிப்பாக ஆரணிப் பகுதியில், மிகுதியாகப் பயிராகும் நெல் (ஒரைசா சட்டைவா) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அமைப்பு

புல்லின் கதிர், சிறுகதிர்கள் பல சேர்ந்தது. ஒவ்வொரு சிறுகதிரின் அடியிலும் பொதுவாக இரு குளூம்கள் இருக்கும். அவற்றுக்கு மேல் ஒன்றோ பலவோ சிறுபூக்கள் அமையும். சிறுபூவை வெளிப்புறம் மூடும் செதில் லெம்மா, உட்புறச் செதில் பேலியா எனப்படும்.

நெல்லின் சிறுகதிரில் வளமான பூ ஒன்றே உண்டு. அதன் குளூம்கள் வெறும் விளிம்பாகக் குறுகிவிட்டன. நெல்மணியின் அடியில் காணப்படும் இரு சிறு செதில்கள் வெற்று லெம்மாக்கள் ஆகும். லெம்மாவில் ஐந்து நரம்புகளும் பேலியாவில் மூன்று நரம்புகளும் உள்ளன. ஆலையில் நீக்கப்படும் உமி இவ்விரண்டுமே. சில நூல்கள் குளூமையும் 'உமி' என்றே மொழிபெயர்ப்பதால் குழப்பம் நேர்கிறது. சில நெல் வகைகளில் மணியின் நுனியில் காணப்படும் வால், லெம்மாவின் நீட்சியாகும்.

உள்ளே லாடிக்யூல் எனும் இரு நுண்செதில்கள், ஆறு மகரந்தத்தாள்கள், ஒரே சூலுடைய சூற்பை, இறகு போன்ற இரு சூல்முடிகள் ஆகியன உள்ளன. பெரும்பாலான புற்களில் மகரந்தத்தாள்கள் மூன்றே. மூங்கில் இனங்கள் பலவற்றில் லாடிக்யூல்கள் மூன்று, மகரந்தத்தாள்கள் ஆறு. திருவண்ணாமலை மலைச்சரிவில் வளரும் மணப்புற்களில் (சிம்போபோகன்) சிறுகதிர்கள் இணைகளாக அமைகின்றன: காம்பற்றது இருபால் பூவுடையது, காம்புள்ளது ஆண் அல்லது மலடு.

லாடிக்யூல்கள் அல்லிதழ்களுக்கு ஈடானவை என்பது நெடுநாள் கருத்து. மக்காச்சோளத்தில் 2000 ஆம் ஆண்டிலும் நெல்லில் 2003 ஆம் ஆண்டிலும் வெளியான மரபணு ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. பிற பூக்களில் அல்லிதழ்களை உருவாக்கும் மரபணு பழுதானபோது, இவற்றில் லாடிக்யூல்கள் செதில்களாகவும் மகரந்தத்தாள்கள் சூலகங்களாகவும் மாறின.

பூத்தலும் பதரும்

நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் மலரும். லாடிக்யூல்கள் நீரை உறிஞ்சிப் பருத்து லெம்மாவையும் பேலியாவையும் விலக்குகின்றன. மகரந்தக் கம்பிகள் விரைந்து நீள்கின்றன, மகரந்தப்பைகள் வெடிக்கின்றன. லாடிக்யூல்கள் சுருங்கியதும் பூ மூடிக்கொள்ளும். இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மூடிய பூ மீண்டும் திறப்பதில்லை. மகரந்தத்தூளின் உயிர்ப்பும் சில நிமிடங்களே.

இந்நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தப்பைகள் சரிவர வெடிப்பதில்லை. கருவுறாத பூவின் லெம்மாவும் பேலியாவும் உள்ளீடின்றி நின்றுவிடும். உழவர் பதர் என்பது இதனையே. கருவுற்ற பின் மணி நிரம்பாமல் போவதாலும் பதர் உண்டாகும். ஆதலால் பிந்தி விதைத்து, சித்திரை வெயிலில் பூக்க நேரும் நவரைப் பயிரில் இவ்விழப்பு கூடக்கூடும்.